ஆமாம், இல்லை, தேவைப்பட்டால்

"மிக்ஸி போடலாமா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தால் அப்பாசாமி முதலில் திரையைத் திரும்பிப் பார்ப்பார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக மேலே ஏறிக்கொண்டிருக்கும். "வேணாம். உள்ள வெந்துகினு கீது" என்பார்.

வேகிறது சோறில்லை, கெர்னல். கணினிக்குள் மின்சாரம் வந்ததும் முதலில் கண்விழித்து, வட்டு, திரை, விசைப்பலகை என்று மற்றவர்களைத் தட்டி எழுப்புகிற நிரலுக்கு அந்தப் பெயர். உலகம் அதை வந்தபடியே வாங்கி ஏற்றிக்கொள்கிறது. அப்பாசாமி தன் பழைய இயந்திரத்துக்குத் தானே அளவெடுத்துத் தைத்துக்கொள்கிறார். அளவு கொடுப்பது ஒரு சாயங்கால வேலை. அதன்பிறகு இயந்திரம் தனக்குத்தானே தைத்து முடிக்க விடிந்துவிடும். நடுவில் மிக்ஸி ஓடினால் திருக்கழுக்குன்றத்தின் அந்தத் தெருவில் விளக்குகள் ஒரு முறை கண்ணை மூடித் திறக்கும். விளக்குக்கு அது ஒன்றுமில்லை. இயந்திரமோ எல்லாவற்றையும் மறந்துவிட்டு, புதிதாகப் பிறந்ததுபோல் முதலிலிருந்து எழுந்திருக்கும். ஆகவே அந்த நாட்களில் சட்னி அம்மியில்.

"கம்ப்யூட்டர் வந்ததால அம்மி தேயறது எங்க வூட்லதான்" என்று அவர் மனைவி கல்யாணி ஆசிரியர் அறையில் சொல்வாள். ஊரிலிருக்கும் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் அவள் தலைமை ஆசிரியை. அப்படிச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமையும் கலந்திருப்பதாக மற்ற ஆசிரியைகளுக்குச் சந்தேகம்.

அப்பாசாமிக்குச் சதுரங்கப்பட்டினம் பக்கம் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. அலுவலகப் பேருந்தில் போய் வருகிறார். சட்டைப் பையில் பேனா இருக்கும் இடத்தில் ஒரு திருப்புளி. வெற்றிலைக்காரர்கள் வைத்திருக்கும் சுண்ணாம்பு டப்பி ஒன்றும் வைத்திருக்கிறார், அதில் திருகாணிகள். செத்துப்போன இயந்திரம் கைக்கு வந்தால் மூடியைக் கழற்றி முதலில் மோந்து பார்ப்பார். கருகின வாசனை இல்லையென்றால் முகம் தெளியும். பிறகு பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் நினைவக அட்டையின் பல்வரிசையைத் தேய்ப்பார். பாதி இயந்திரங்கள் அதிலேயே எழுந்துவிடும் என்பது அவர் கணக்கு. எழாத மீதிப் பாதி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

ஊர்க்காரர்கள் இதை விசித்திரமாக நினைக்கவில்லை. பிரசாதம் உண்ணக் கழுகு வருவது நின்றுபோன பிறகும் உச்சிவேளையில் மலையேறி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஊர் அது.

முதல் இயந்திரம் அலுவலக ஏலத்தில் வந்தது. பழசாகிக் கழித்துக் கட்டின சாமான்களைக் குவியல் குவியலாக ஏலம் விடுவார்கள். அந்தக் குவியலில் குளிர்ந்த நீர் தரும் பெட்டி ஒன்று இருந்தது. அதற்காகத்தான் அப்பாசாமி கை தூக்கினார். வீட்டில் வந்து பார்த்தால் நீர்ப்பெட்டி ஓட்டை, கணினி உயிரோடு இருந்தது. அக்காள் மகன் ஒருவன் வந்து புது விண்டோஸை ஏற்றினான். இயந்திரம் ஒரு சாளரத்தைத் திறந்துவிட்டு மூச்சு வாங்கிற்று. பிறகு ஏதோ ஒரு கணினிப் பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தட்டில் லினக்ஸ் வந்தது. அதில்தான் அந்தக் கேள்விகள் இருந்தன.

கெர்னலுக்கு அளவு கொடுப்பது என்றால் கேள்விகளுக்குப் பதில் சொல்வது. ஜாய்ஸ்டிக் உண்டா? அமெச்சூர் ரேடியோ உண்டா? டேப்பில் சேமிக்கிற வழக்கம் உண்டா? இன்ன கம்பெனியின் இன்ன அட்டை உண்டா? நூற்றுக்கணக்கில், ஒன்றன்பின் ஒன்றாக, பொறுமையாகக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்றே பதில்கள்: ஆமாம், இல்லை, தேவைப்பட்டால். பதில் வராமல் அடுத்த கேள்விக்குப் போகாது. எத்தனை நேரமானாலும் காத்திருக்கும்.

அப்பாசாமியை அதுவரைக்கும் யாரும் எதையும் கேட்டதில்லை. வீட்டு மனையை அண்ணன் வாங்கினார், பத்திரத்தில் இவர் கையெழுத்துப் போட்டார். மகள் ஸ்வாதி கூடுவாஞ்சேரி மாப்பிள்ளையை முடிவு செய்த சேதி, மாப்பிள்ளை வீட்டார் இனிப்போடு வந்தபோது தெரிந்தது. அலுவலகத்தில் ஒரு முறை விடுப்பில் போய்த் திரும்பினால் அவர் மேசை ஜன்னலோரத்திலிருந்து கழிவறைக் கதவோரத்துக்கு வந்திருந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட 'பிடிச்சிருக்கா' என்ற கேள்வி அவருடைய மாமாவிடம்தான் கேட்கப்பட்டது. மாமாவுக்குப் பிடித்திருந்தது.

அப்படிப்பட்ட மனிதரிடம் ஒரு பொருள் வந்து, இது வேண்டுமா, அது வேண்டுமா என்று சாயங்காலம் முழுக்கக் கேட்டால் என்ன ஆவார்? அப்பாசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். கேள்வியை உரக்கப் படிப்பார். கொஞ்சம் யோசிப்பார், யோசிக்க ஒன்றுமில்லாவிட்டாலும். பிறகு "இல்ல" என்பார். பெரும்பாலும் இல்லைதான். பதில் தெரியாதவர்களுக்காகக் கேள்விக்குக் கேள்வி ஒரு குறிப்பும் இருந்தது. சந்தேகமாக இருந்தால் இல்லை என்று சொல் என்றது அது. அந்த ஒரு வரி அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. சீட்டுப் பிடிக்கக் கூப்பிட்டவர்களிடமும், அலுவலகச் சங்கத் தேர்தலில் நிற்கச் சொன்னவர்களிடமும் அதைப் பயன்படுத்திப் பார்த்தார். நன்றாகவே வேலை செய்தது.

மூன்றாவது பதில் அவருக்கு ஆகாது. தேவைப்பட்டால் என்று சொல்லிவிட்டால் அந்தத் துண்டை வட்டில் தனியே வைத்துக்கொண்டு, வேண்டியபோது எடுத்து மாட்டிக்கொள்ளும். ஒரு முறை வட்டைப் படிக்கிற துண்டுக்கே தேவைப்பட்டால் என்று சொல்லிவிட்டார். இயந்திரம் எழுந்தது. வட்டைப் படிக்கத் தெரியவில்லை. படிக்கத் தெரிந்த துண்டு வட்டுக்குள் இருந்தது. "சாவிய வூட்டுக்குள்ள வச்சி வெளிய பூட்டிக்கினியா?" என்று கல்யாணி சிரித்தாள். மரியாதை தவறிப்போகிற அளவுக்குச் சிரித்தாள். அன்றிலிருந்து அவருக்கு ஆமாம், இல்லை இரண்டே.

"தேவப்பட்டா பாத்துக்கலாம்ன்றவன் கடேசி வரிக்கும் பாக்க மாட்டான்" என்பார்.

குழந்தை பெற்றவர்கள் எடையைச் சொல்வதுபோல அவர் கெர்னலின் அளவைச் சொல்வார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இளைத்திருக்கும். ஃப்ளாப்பி ஒன்றில் அடங்கி அதற்கு மேலும் இடம் மிச்சமிருக்க வேண்டும், அதுதான் அழகு என்பார். பேருந்தில் பக்கத்து இருக்கை மணிக்கு இதெல்லாம் மனப்பாடம்.

"இன்னா அண்ணாத்த, எளச்சிதா?"

"எளச்சிது."

"எம் பையன் வச்சிகினுகீறது பாட்டுப் பாடுது, படம் காட்டுது. உன்னுது இன்னா பண்ணும்?"

"எயுந்து நிக்கும்."

"நின்னு?"

"சொன்னத கேக்கும்."

"அது போதும். வூட்ல ஒண்ணாவது கேக்கட்டும், வுடு."

பேருந்து சிரித்தது. அப்பாசாமியும் சிரித்தார். அவருக்கு அதில் வருத்தமில்லை. வீட்டில் ஒன்று அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது மணிக்குத் தெரியாது.

இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு ஜூன் மாதத்தில் இன்னொருவரும் கேட்டார். மகாபலிபுரம் போகும் சாலையில் புதிதாக முளைத்திருந்த ஒரு கம்பெனி, கல்யாணியின் பள்ளிக்கு ஐந்து கணினிகளை நன்கொடையாகக் கொடுத்தது. கொடுத்தவர்கள் மாலை போட்டுக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் போன பிறகு பொத்தானை அழுத்தியதில் ஐந்தில் ஒன்றும் எழவில்லை. ஐந்தும் ஒரே அச்சு, ஒரே வயது, அப்பாசாமி வீட்டு இயந்திரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பிகள். ஆனால் கல்யாணி ஏற்கெனவே பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் பிரிவைத் தொடங்கி, பெண்களைச் சேர்த்தும் விட்டாள். மாவட்டத்திலிருந்து அதிகாரி வந்து பார்த்து, கணினிகள் ஓடுகின்றன என்று எழுதினால்தான் பிரிவு நிற்கும். இல்லாவிட்டால் அந்தப் பெண்கள் செங்கல்பட்டுக்குப் போய்ப் படிக்கவேண்டும். எத்தனை அப்பாக்கள் பெண்ணைச் செங்கல்பட்டுப் பேருந்தில் ஏற்றுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு நின்றாள்.

"ஒங்களால அத எழுப்ப முடியுமா?"

கேள்விதான். ஏச்சு இல்லை, உத்தரவும் இல்லை, முடிவான பிறகு சொல்கிற தகவலும் இல்லை. அப்பாசாமி ரசத்தைப் பிசைந்து சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். "பாக்கலாம்" என்றார். கல்யாணி அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுப் பள்ளிக்குப் போனார். மோந்து பார்த்தார், ரப்பரால் தேய்த்தார், ஒன்றின் விசிறிக்குள்ளிருந்து பல்லியின் எலும்புக்கூட்டை எடுத்தார். ஐந்தும் எழுந்தன. அவற்றுக்கென்று வீட்டில் உட்கார்ந்து ஒரு கெர்னலைத் தைத்தார். அவர் செய்ததிலேயே மெலிந்தது அதுதான். இல்லை, இல்லை, இல்லை என்று மாலை முழுக்க அவர் குரல் வாசல்வரை கேட்டது.

கம்பெனி கொடுத்ததில் ஓர் அட்டைப்பெட்டி பிரிக்காமல் கிடந்தது. மறுநாள் பள்ளியில் கல்யாணி அதைத் திறந்து பார்த்தாள். வால் சுருட்டின மவுஸ்கள்.

"இதெல்லாம் எங்க சொருகறது?"

"சொருகவாணாம். அதுக்கு எடமே இல்லாம எடுத்துட்டேன். பொண்ணுங்க புரோகிராம் எழுதப்போவுதுங்களா, படம் வரையப்போவுதுங்களா?"

"அதுங்கள கேட்டீங்களா?"

"அதுங்கள இன்னாத்துக்குக் கேக்கணும்?"

கல்யாணி பெட்டியை மூடி அலமாரியின் மேல் வைத்தாள்.

அதிகாரி ஒரு புதன்கிழமை வந்தார். நல்ல மனிதர். போண்டாவை மறுத்து மோர் மட்டும் வாங்கிக்கொண்டார். ஐந்து திரைகளிலும் வெள்ளைக் குறி துடித்துக்கொண்டிருந்தது. முதல் கணினியின் முன்னால் உட்கார்ந்தார். அவருடைய வலது கை, இருட்டில் சொம்பைத் தேடுகிறவர் கை மாதிரி, மேசையின் வலதுபக்கத்தைத் தடவிற்று.

"மவுஸ் எங்க?"

அப்பாசாமி முன்னால் வந்தார். இதற்கு மவுஸ் தேவையில்லை என்பதை விளக்கினார். தேவையில்லாததை நீக்கியதால் இயந்திரம் எவ்வளவு லேசாக இருக்கிறது என்பதையும் விளக்கினார். அளவைச் சொன்னார். அதிகாரி மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "மவுஸ் எங்க?" என்றார்.

அலமாரியின் மேலிருந்த பெட்டி கீழே வந்தது. ஒன்றைச் சொருகினார்கள். அதிகாரி அதை மேசையில் ஒரு வட்டம் ஓட்டினார். இன்னொரு வட்டம். திரை அசையவில்லை. மவுஸ் சொருகுகிற துவாரத்தைப் பற்றிய கேள்விக்கு அப்பாசாமி இல்லை என்று சொல்லியிருந்தார். கெர்னலைப் பொறுத்தவரை அங்கே ஒரு துவாரமே கிடையாது.

கல்யாணி ஒரு மாணவியை உட்காரவைத்தாள். அந்தப் பெண் மளமளவென்று தட்டி, பதிமூன்றாம் வாய்ப்பாட்டைத் திரையில் இறக்கினாள்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார் அதிகாரி. "மவுஸ் நகரலையே."

"சார், அது இல்லாமலே எல்லாம் வேல செய்யுது" என்றாள் கல்யாணி.

"எனக்குப் புரியுது மேடம். என் மேல இருக்கறவருக்கு? அவரு வந்து கைய வச்சா முதல்ல அதத்தான் தேடுவாரு. நகராத மவுஸப் பாத்துட்டு ஓடுதுன்னு நான் எப்படி எழுத?" கொஞ்சம் யோசித்தார். "குடும்பத்தோட வந்திருக்கேன். ராத்திரி மகாபலிபுரத்துல தங்கறோம். நாளைக்குக் காலைல இந்த வழியாத்தான் திரும்பறேன். நகந்தா எழுதிட்டுப் போயிடறேன்."

வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பாசாமி பேசிக்கொண்டே வந்தார். அந்தத் துவாரத்துக்கு இல்லை என்றது தொழில்நுட்பப்படி தப்பே இல்லை, புத்தகமே அப்படித்தான் சொல்கிறது, அதிகாரிக்குக் கணினி என்றால் மவுஸ், அவ்வளவுதான் ஞானம். சங்கு தீர்த்தக் குளக்கரை வரைக்கும் கல்யாணி கூடவே நடந்தாள். அங்கே நின்றாள்.

"தப்புன்னு யாரு சொன்னா? என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா? அந்தப் புள்ளைங்கள கேட்டீங்களா? அது வேணும், இது வாணாம்னு நீங்களே குந்திகினு முடிவு பண்ணிட்டீங்க. மனைய வாங்கிட்டு வந்து கையெழுத்துப் போடுடான்னாரே உங்க அண்ணன், அவராட்டம்."

அண்ணனைப் பற்றி இருபது வருஷமாக அவளிடம் குறைப்பட்டுக்கொண்டவர் அப்பாசாமிதான்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். வெயில் இன்னும் இருந்தது. வேலை ஒன்றும் பெரிதில்லை. துவாரத்தைத் திறந்துவிட்டால், மவுஸுக்கான நிரல் வட்டிலேயே இருக்கிறது, கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் நகரும். அதிகாரிக்கு அது போதும். ஆனால் இப்போது வைத்தால்தான் காலையில் வெந்திருக்கும். பழைய பதில்களை அப்படியே விட்டுவிட்டு ஒன்றை மட்டும் மாற்றலாம். ஆனால் அவர் முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தார். அப்படி ஆரம்பித்தால் கேள்விகள் வரிசையாகத்தான் வரும், பதில் சொல்லித் தாண்டின கேள்விக்குத் திரும்ப முடியாது.

"கல்யாணி, ஜாய்ஸ்டிக் வேணுமா?"

சமையலறையில் அரிசி புடைக்கும் சத்தம் நின்றது. "அது இன்னா?"

"வெளையாடற குச்சி."

"வாணாம்."

"பிரிண்டரு?"

"அதான் நம்மகிட்ட இல்லியே."

"இல்ல. பின்னால வந்தா?"

"வந்தா வேணும்தான். போட்டு வைங்க."

ஆமாம் என்று அழுத்தினார். கெர்னல் கொஞ்சம் சதை போட்டது.

"பாட்டு?"

"அந்தப் பொட்டி பாடுமா?"

"பாடாது. அதுல ஸ்பீக்கரு கெடையாது."

"அப்பறம் இன்னாத்துக்கு என்னக் கேக்கறீங்க?"

"கேக்கச் சொன்னியே."

கல்யாணி முறத்தோடு கதவருகில் வந்து நின்று அவரைப் பார்த்தாள். கேலியா என்று பார்த்தாள். கேலி இல்லை என்று தெரிந்ததும் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தாள். டேப் வேண்டுமா? வேண்டாம். ரேடியோ? எதற்கு, வேண்டாம். வேறு நாட்டு எழுத்துகள்? தமிழ் உண்டா அதில்? இல்லை. அப்படியானால் வேண்டாம்.

"மவுஸு சொருகற ஓட்ட?"

"அதையுமா கேக்கணும்?"

ஆமாம் என்று அழுத்தினார். அதோடு எழுந்துபோய்விடலாம் என்று கல்யாணி நினைத்தாள். கேள்விகள் முடியவில்லை. பாதிக்குமேல் அவளுக்குச் சலிப்பு வந்துவிட்டது. "எனக்கு இன்னா தெரியும், நீங்களே போடுங்களேன்" என்று ஒரு முறை சொல்லியும் பார்த்தாள். அவர் கேட்டுத்தான் போட்டார்.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். ஜோதிலட்சுமி, வாய்ப்பாட்டை இறக்கின பெண்ணின் அம்மா. கல்யாணி முறத்தை வைத்துவிட்டுப் போனாள்.

"கெடச்சிடுமா டீச்சர்? அவுங்க அப்பா இப்பவே சொல்றாரு, செங்கல்பட்டுன்னா வாணாம், வூட்லயே குந்தட்டும்னு. நான் எம்மாந்நேரம்தான் அவரு வாய அடக்கறது?"

"காலைல தெரிஞ்சிடும் ஜோதி. வேல நடந்துகினு கீது."

திரையில் அடுத்த கேள்வி வந்து நின்றது. அப்பாசாமி இதற்கு முன் எத்தனையோ தடவை பதில் சொன்ன கேள்வி. உள்ளே ஏதோ ஒரு மூலையில் இருக்கிற, அந்த ஐந்து பெட்டிகளில் எதிலும் இல்லாத ஓர் அட்டையைப் பற்றியது. அவள் வந்தாலும் என்ன என்று கேட்பாள், அவர் விளக்குவார், அவளுக்குப் புரியாது, வேண்டாம் என்பாள். வெயில் சுவரிலிருந்து இறங்கிவிட்டிருந்தது. இன்னும் கால்மணி நேரத்துக்குள் அடுப்பேற்றாவிட்டால் அதிகாரி வரும்போது பாதிதான் வெந்திருக்கும். வாசலில் பேச்சு பெண்ணின் அப்பாவிடமிருந்து மாமியாருக்குப் போய், அங்கிருந்து முருங்கைக்காய்க்கு வந்திருந்தது.

அவர் விரல் விசையின்மேல் இறங்கியது. அழுத்தவில்லை.

விரலை எடுத்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியை வாசல் பக்கமாகத் திருப்பினார்.